இருவர் இருவராக: ஒரு மார்மன் மிஷனெரியின் ஏழு நாட்கள்





வெள்ளைச் சட்டை, கறுத்த கால்சட்டை, கழுத்தில் டை, சட்டைப் பையின்மேல் ஒரு கறுப்புப் பெயர்ப் பட்டை. எப்போதும் இரண்டு பேர். உலகத்தின் அநேக பட்டணங்களில் இப்படிப்பட்ட வாலிபரைக் கடைவீதியில் காணலாம். இவர்களை ஜனங்கள் மார்மன் மிஷனெரிகள் என்பார்கள். "பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை" என்ற முழுப் பெயரையே சொல்லும்படி அந்தச் சபையின் தலைவர்கள் 2018 முதல் வலியுறுத்தி வருகிறார்கள். ஆனாலும் நம்மில் பலருக்குத் தெரிந்தது பழைய பெயர்தான். ஆகவே அதையே இங்கு எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய உபதேசமும் நம்முடைய விசுவாசப் பிரமாணமும் ஒன்றல்ல. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் தனித்தனியானவர்கள் என்று அவர்கள் போதிக்கிறார்கள். நாமோ திரியேக தேவனை ஆராதிக்கிறோம். வேதாகமத்தோடு கூட, ஜோசப் ஸ்மித் 1830-இல் அச்சிட்டு வெளியிட்ட "மார்மன் புத்தகத்தையும்" அவர்கள் வேதமாக ஏற்கிறார்கள். ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை 2001-இல், அவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. இந்த வேறுபாடு சிறியதல்ல. அதை மூடி மறைக்க நான் எழுதவில்லை.

அப்படியானால் நம் மடலில் அவர்களைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். ஊழியத்துக்குப் போகிறவர் ஒருவர் என்றால், அவருக்குப் பின்னால் அனுப்புகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். நீங்கள் அப்படி அனுப்புகிற கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அனுப்பப்பட்டவரின் ஒரு வாரம் உள்ளபடி எப்படிப் போகிறது என்பதை அனுப்புகிறவர்கள் அறிந்திருப்பது நல்லது. மார்மன் சபையார் இந்தக் காரியத்தில் செய்த நன்மையும், பட்ட அடியும், நமக்கும் பாடமாகும்.

யார் இந்த வாலிபர்?

2024 முடிவில் எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் இப்படி ஊழியத்தில் இருந்தார்கள். பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டியவர்கள். ஆண்கள் 24 மாதம், பெண்கள் 18 மாதம் போகிறார்கள். முன்பு ஆண்களுக்கு 19 வயது நிரம்ப வேண்டும். 2012 அக்டோபரில் அதை 18 ஆகக் குறைத்தார்கள். எந்த நாட்டுக்குப் போவது என்பதை வாலிபன் தெரிந்துகொள்வதில்லை. தலைமையிடத்திலிருந்து வரும் அழைப்பில் நாட்டின் பெயர் இருக்கும். அதைக் குடும்பத்தார் கூடியிருக்க, அவன் வாய்விட்டு வாசிப்பான்.

இதற்குச் சம்பளம் கிடையாது. ஆதி நாட்களில் பணப்பையும் இல்லாமலே புறப்பட்டுப் போனார்கள். சால்ட் லேக் பள்ளத்தாக்கில் 1849-இல் அவர்களுடைய முதல் ஓய்வுநாள் பள்ளியை ஆரம்பித்த ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர், மனைவி மக்களை அங்கே விட்டுவிட்டு, 1853 ஜூலையில் நம் சென்னைப் பட்டணத்தில் வந்திறங்கினார் என்பது நம்மில் அநேகருக்குத் தெரியாத செய்தி. ஏறக்குறைய ஓராண்டு இங்கே பிரசங்கித்தும், பத்திரிகை அச்சிட்டும் பார்த்தார். சேர்ந்தவர்கள் வெகு சிலரே. 1854-இல் திரும்பினார்.

இந்தக் காலத்தில் முறை வேறு. அமெரிக்கக் குடும்பம் ஒன்று 2020 ஜூலை முதல் மாதம் 500 டாலர் செலுத்துகிறது. அதற்கு முன் 400 டாலர். இரண்டு வருடத்துக்கு 12,000 டாலர். பல பிள்ளைகள் சிறுவயதிலேயே உண்டியலில் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். 1991 வரை, போகிற தேசத்தின் விலைவாசியைப் பொறுத்துச் செலவு மாறும். ஜப்பானுக்கு அனுப்பப்பட்டவனின் தகப்பன் தத்தளிப்பார். எளிய தேசத்துக்குப் போனவனின் தகப்பனுக்குச் சுமை குறைவு. 1991-இல் இதைச் சமமாக்கினார்கள். எல்லாரும் ஒரே தொகையைப் பொதுவில் கட்டுகிறார்கள்; அந்தந்த ஊரின் தேவைக்கேற்பப் பொதுவிலிருந்து போகிறது. ஏழை நாட்டுப் பிள்ளைகள் தங்களால் இயன்றதைக் கட்ட, மீதியை முகமறியாதவர்களின் காணிக்கை தாங்குகிறது.

ஒருவனை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள். யூட்டா மாநிலத்து வாலிபன், வயது 19. அழைப்பில் வந்த பெயர் பிலிப்பைன்ஸ். அங்கே இந்தச் சபையார் 1961-இல் நான்கு மிஷனெரிகளோடு தொடங்கினார்கள். இன்று எட்டரை லட்சத்துக்கு மேல் அங்கத்தினர் உண்டு என்கிறார்கள். பயிற்சி நிலையத்தில் சில வாரம் தகாலோக் மொழி கற்று, மணிலாவுக்குத் தெற்கே காவிட்டே மாகாணத்தில் ஒரு சிற்றூருக்கு வந்திருக்கிறான். அவனோடு அறையில் இருப்பவன் மிண்டனாவோ தீவின் மீன்பிடிக் குடும்பத்துப் பையன். ஒருவனுக்காகத் தகப்பன் கட்டுகிறார். மற்றவனுக்காக யாரோ கட்டுகிறார்கள். இருவருக்கும் ஒரே படி, ஒரே சோறு. யாருக்காக யார் கட்டுகிறார்கள் என்பது தெருவிலுள்ள எவருக்கும் தெரியாது.

திங்கள்: தன் பெயரைக் கேட்கும் நாள்

பெரும்பாலான இடங்களில் திங்கள் "ஆயத்த நாள்". வேசனில் தண்ணீர் பிடித்து வெள்ளைச் சட்டைகளைக் கையால் கசக்கித் துவைக்க வேண்டும். சந்தைக்குப் போக வேண்டும். முடி வெட்ட வேண்டும். அறையைப் பெருக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு ஓய்வு முடிந்து, மறுபடியும் டை கட்டிக்கொண்டு வெளியே போவார்கள்.

அன்றைக்குத்தான் வீட்டோடு பேசலாம். 2019 பிப்ரவரி வரை அதுவும் இல்லை. வாரம் ஒரு கடிதமோ மின்னஞ்சலோ உண்டு. பேசுவது கிறிஸ்துமஸ் அன்றும் அன்னையர் தினத்தன்றும் மட்டுமே. இப்போது வாரம் ஒருமுறை முகம் பார்த்துப் பேச அனுமதி உண்டு.

ஊழிய காலம் முழுவதும் அவனை ஒருவரும் சொந்தப் பெயரால் அழைப்பதில்லை. "எல்டர்" என்று சொல்லி, குடும்பப் பெயரைச் சேர்ப்பார்கள், பெண்களானால் "சிஸ்டர்". அறையிலுள்ள தோழனும் அப்படியே அழைக்கிறான். திங்கட்கிழமை தொலைபேசியில் தாய் கூப்பிடும்போதுதான், தொட்டிலில் பெற்ற பெயர் அவன் காதில் விழுகிறது. அந்த ஒரு வார்த்தைக்காகவே வாரம் முழுவதும் காத்திருக்கிற பிள்ளைகள் உண்டு.

செவ்வாய்: வாசலில் நின்று கூப்பிடுவது

காலை 6.30-க்கு எழும்ப வேண்டும். அரை மணி நேரம் உடற்பயிற்சி. பின்பு வாளித் தண்ணீரில் குளியல். பிலிப்பைன்ஸிலும் நம்மைப் போலக் குவளையால் மொண்டு ஊற்றிக்கொள்வார்கள், அதற்குத் "தாபோ" என்று பெயர். எட்டு மணிக்குத் தனித் தியானமும் வேத வாசிப்பும், பிறகு இருவரும் சேர்ந்து படிப்பு, மொழிப் பாடம். பிறகு வெளியே. இரவு ஒன்பது அல்லது ஒன்பதரைக்கு அறைக்குத் திரும்பி, பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். இடத்துக்கு ஏற்பச் சற்று மாற்றம் உண்டு.

அந்த நாட்டில் கதவைத் தட்டுவதைவிட, வாசலில் நின்று "தாவோ போ" என்று குரல் கொடுப்பதே வழக்கம். "தாவோ" என்றால் மனிதர். "ஒரு ஆள் வந்திருக்கிறேங்க" என்பதுபோல. நம் காதுக்குப் "போ" என்று விழுகிற அந்தச் சொல், அவர்களுக்கு நம்முடைய "ங்க" போன்ற மரியாதைச் சொல். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் "சாப்பிட வாருங்கள்" என்று சொல்லாமல் விடுவதில்லை. புளி போட்டுச் செய்யும் "சினிகாங்" என்ற சாறு நம் ரசத்துக்குத் தூரத்து உறவு.

ஆகையால் அங்கே முகத்தில் கதவைச் சாத்துகிறவர்கள் குறைவு. கஷ்டம் வேறு விதம். முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்ல அந்த ஜனங்களுக்கு மனம் வராது. "நாளைக்கு வாருங்கள்" என்பார்கள். நாளைக்குப் போனால் வீடு பூட்டியிருக்கும். அல்லது உள்ளே ஆள் இருந்தும் குரல் வராது. நம் ஊர் "பார்க்கலாம்" போல. பகல் முழுவதும் வெயிலில் நடந்து, இனிய முகத்தோடு சொல்லப்பட்ட பத்துப் பொய்களைச் சுமந்துகொண்டு திரும்புவது, ஒரு கோபமான வார்த்தையைச் சுமப்பதைவிடக் கடினம். எங்கள் வார்டுகளில் நோயாளி ஒருவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும்போது எனக்கும் அது தெரியும்.

புதன்: விட்டுப் பிரியாத தோழன்

புதனன்று பக்கத்து ஊர் மிஷனெரிகளோடு கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். அவரவர் சந்தித்தவர்களைப் பற்றிப் பேசுவார்கள், ஜெபிப்பார்கள், ஒருவருக்கொருவர் பாடம் நடத்திப் பழகுவார்கள்.

தோழனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். லூக்கா பத்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் எழுபது பேரை இருவர் இருவராக அனுப்பியதை நாம் வாசித்திருக்கிறோம். இவர்கள் அதை எழுத்தின்படியே எடுத்துக்கொண்டார்கள். குளியலறை தவிர மற்ற எந்த நேரத்திலும் தோழனின் பார்வைக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தோழனை அவன் தெரிந்தெடுப்பதில்லை. பெரும்பாலும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும். தோழனும் மாறலாம், ஊரும் மாறலாம். ஒருவன் குறட்டை விடுவான், ஒருவன் விடியுமுன் பாடுவான். வாரம் ஒருமுறை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர்மேல் ஒருவருக்குள்ள மனக்குறையைச் சொல்லித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் விதி. விவாகமான நம்மில் எத்தனை பேர் அதைச் செய்கிறோம்?

வியாழன்: கைவேலை

ஒவ்வொரு வாரமும் சில மணி நேரம் பிரசங்கமில்லாத உதவிக்கென்று உண்டு. விதவையின் வீட்டுக் கூரையைச் சரிசெய்வது, மணல் சுமப்பது, வெள்ளம் வடிந்த வீட்டில் சேறு வாருவது.

பிலிப்பைன்ஸில் புயல் புதிதல்ல. 2013 நவம்பர் 8-இல் ஹையான் பெரும்புயல் தக்லோபான் பட்டணத்தை அழித்தபோது, அந்தப் பகுதியில் சுமார் 200 மிஷனெரிகள் இருந்தார்கள். நாட்கணக்கில் பெற்றோருக்குச் செய்தி இல்லை. பின்பு எல்லாரும் உயிரோடிருப்பது தெரிந்து, மணிலாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். வீடிழந்த ஜனங்கள் அந்தச் சபையின் ஆலயக் கட்டடங்களில் தங்கினார்கள். பிள்ளையை அனுப்புவது என்றால் என்ன என்பதை அந்த வாரத்தில் அந்தத் தாய் தகப்பன்மார் அறிந்தார்கள்.

வெள்ளி: காபி வேண்டாம் என்று சொல்வது

மாலையில் ஒரு வீட்டில் பாடம். வீட்டம்மா காபி கொண்டு வருகிறார். அவர்களுடைய சபையில் காபி, தேயிலை, மது, புகையிலை எதுவும் கூடாது. தாழ்மையாக மறுத்துத் தண்ணீர் கேட்கிறான்.

பாடத்தைக் கேட்கிறவர் சேர விரும்பினால், அவரும் இவற்றை விட வேண்டும். வருமானத்தில் பத்தில் ஒன்றைத் தசமபாகமாகக் கொடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய விலை ஒன்று உண்டு. அந்த நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் கத்தோலிக்கர். குழந்தையாகத் தான் எந்த ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றாரோ, அதை விட்டு வருவதானால் வீட்டில் வயதான தாய் அழுவார். தன் வீட்டில் தாயின் குரலுக்கு ஏங்குகிற பத்தொன்பது வயதுப் பையன், இன்னொரு தாயின் கண்ணீருக்குக் காரணமாக அங்கே உட்கார்ந்திருக்கிறான். உபதேசத்தில் நாம் எந்தப் பக்கம் நின்றாலும், இந்தக் காட்சியின் பாரம் நமக்கு விளங்க வேண்டும்.

சனி: எண்ணிக்கையின் சோதனை

சில சனிக்கிழமைகளில் ஞானஸ்நானம் உண்டு. வெள்ளை உடை, முழுக்கு ஞானஸ்நானம், பிறகு எளிய சிற்றுண்டி. மிஷனெரிக்கு அது பெருமகிழ்ச்சியின் நாள்.

வார முடிவில் புள்ளிவிவரமும் அனுப்ப வேண்டும்: எத்தனை பேருக்குப் பாடம், எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள், எத்தனை பேருக்கு ஞானஸ்நானத் தேதி. இங்கேதான் அந்தச் சபை ஒருமுறை பலமாக அடிபட்டது. 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் வேறு சில இடங்களிலும் எண்ணிக்கையைக் கூட்டும் அவசரத்தில், பேஸ்பால் விளையாட்டைக் காட்டிச் சிறுவர்களைச் சேர்த்து, அவசரமாய் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். விளையாட்டு முடிந்ததும் பிள்ளைகளில் அநேகர் வரவேயில்லை. பெயர்கள் மட்டும் புத்தகத்தில் நின்றன. "பேஸ்பால் ஞானஸ்நானம்" என்று அதை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறார்கள்.

அந்த வாலிபர்மேல் மாத்திரம் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. மேலிருந்து எண் கேட்டார்கள்; அவர்கள் எண் கொடுத்தார்கள். நாமும் ஆண்டறிக்கை எழுதுகிறவர்கள், வாசிக்கிறவர்கள். எண்ணைக் கேட்பதற்குமுன் "சுகமாயிருக்கிறாயா?" என்று கேட்கிறோமா என்பதை நாமும் நிதானிக்க வேண்டும்.

ஞாயிறு: அப்பமும் தண்ணீரும்

ஞாயிறு ஆராதனை 2019 முதல் இரண்டு மணி நேரம். அதற்கு முன் மூன்று. திருவிருந்தில் அப்பமும், திராட்சரசத்துக்குப் பதிலாகத் தண்ணீரும் கொடுப்பார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு பெரும்பாலும் உபவாச ஞாயிறு. இரண்டு வேளைச் சாப்பாட்டை விட்டு, அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள். வாரநாளில் "நாளைக்கு வாருங்கள்" என்று சொன்னவர்களில் யாராவது வந்திருக்கிறார்களா என்று பையன் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான். பெரும்பாலும் நாற்காலி காலியாகவே இருக்கும்.

இரவில் தன் மேலதிகாரியான மிஷன் தலைவருக்கு வாராந்தரக் கடிதம் எழுதுகிறான். அந்தத் தலைவரும் சம்பளக்காரக் குருவானவர் அல்ல. ஏதோ தொழிலிலிருந்து மூன்று வருடத்துக்கு மனைவியோடு அழைக்கப்பட்டு வந்தவர். "எல்லாம் நலம்" என்று எழுதி முடிப்பது சுலபம். உண்மையை எழுதுவதற்குத் தைரியம் வேண்டும். அதை வாசிக்கிறவர் மனதோடு வாசிக்க வேண்டும்.

திரும்பி வருகிறவன்

24 மாதத்தையும் முடித்து வருகிறவனுக்கு விமான நிலையத்தில் பதாகை பிடித்து வரவேற்பு உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, பிலிப்பைன்ஸிலிருந்து மாத்திரம் ஆயிரத்துக்கும் அதிகமானோர் தனி விமானங்களில் சால்ட் லேக் வந்து இறங்கினார்கள். அவர்கள் காலத்துக்கு முன்னே வந்தாலும் ஒருவரும் குறை சொல்லவில்லை. காரணம் உலகத்துக்கே தெரியும்.

ஆனால் காரணம் கண்ணுக்குத் தெரியாமல் முன்கூட்டியே திரும்புகிறவர்கள் எப்போதும் உண்டு. ஒருவனுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒருவனுக்கு மனச்சோர்வு வந்து எழும்ப முடியவில்லை. விமான நிலையத்தில் பதாகை இல்லை. ஆலயத்தில் "ஏன் இத்தனை சீக்கிரம்?" என்ற கேள்வி மாத்திரம் உண்டு. சிலர் அதற்குப் பயந்து ஆலயத்துக்கே போவதை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சபையும் இதை உணர்ந்து, இப்படித் திரும்புகிறவர்கள் விரும்பினால் சொந்த வீட்டில் தங்கியே மருத்துவமனை, உணவுச் சாலை போன்ற இடங்களில் உதவி ஊழியத்தைத் தொடர வழி செய்திருக்கிறது. நல்ல மாற்றம். ஆனாலும் பதாகையை எழுத வேண்டியவர்கள் அலுவலகத்தார் அல்லர், வீட்டாரும் சபையாரும்தான்.

பிரியமானவர்களே, இதற்காகவே இந்த வாரத்தை உங்கள்முன் வைத்தேன். காணிக்கை அனுப்பிய அன்றோடு அனுப்புகிறவரின் வேலை முடிவதில்லை. மாதாமாதம் கட்டுகிற தகப்பனும், திங்கட்கிழமை பெயர் சொல்லி அழைக்கிற தாயும், முகமறியாத பையனுக்காகக் கொடுக்கிற யாரோ ஒருவரும் சேர்ந்துதான் அந்த வெள்ளைச் சட்டையை நிமிர்ந்து நிற்கச் செய்கிறார்கள். உங்கள் சபையிலிருந்து ஊழியத்துக்குப் போனவர் ஒருவர் உண்டானால், இந்த வாரம் அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்; எத்தனை பேர் வந்தார்கள் என்று அதில் கேட்க வேண்டாம். பாதியில் திரும்பியவர் ஒருவர் உண்டானால், அவர் வீட்டுக்குப் போய், காரணம் கேளாமல், அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

என்றைக்காவது வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பிள்ளைகள் உங்கள் வாசலிலும் வந்து நின்றால், உங்கள் விசுவாசத்தைத் தெளிவாகவும் அன்பாகவும் சொல்லுங்கள். மனதில் இல்லாத "நாளைக்கு வாருங்கள்" வேண்டாம். வெயிலில் நடந்து வந்திருப்பார்கள். காபி கொடுக்காதீர்கள்; ஆளுக்கு ஒரு தம்ளர் குளிர்ந்த தண்ணீர் கொடுங்கள். முடிந்தால், வீட்டில் அம்மா என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்றும் கேளுங்கள்.

ஜெபத்துடன்,
உங்கள் மருத்துவமனைச் சாப்ளின்